உங்களுக்குத் தெரியுமா? செம்மண் நிறம் பிரவுசரிலும் உண்டு!

இந்தியச் செம்மண்ணின் நிறம் எல்லா பிரவுசர்களுக்கும் பெயர் சொன்னாலே தெரியும்: 'இண்டியன்ரெட்'.

• சிவப்பு 205, பச்சை 92, நீலம் 92. ரெட்ஹில்ஸ் ஏரி என்றும் அழைக்கப்படும் நம் புழல் ஏரிக்கு வலைப்பக்கம் அமைப்பவர்களுக்கு எவ்வளவு பொருத்தமான நிறம்!

• இரும்பு ஆக்சைடு நிறைந்த மண்ணிலிருந்து எடுத்த ஓவியச் சாயமே இதன் மூலம். அமெரிக்கப் பழங்குடியினரின் தோல் நிறம் என்று குழந்தைகள் நினைத்துவிடுவார்களோ என ஆசிரியர்கள் கவலைப்பட்டதால், கிரேயோலா நிறுவனம் 1999இல் இதே பெயர் கொண்ட தன் கிரேயானின் பெயரை 'செஸ்ட்நட்' என மாற்றியது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியின் நிறப் பட்டியலில் பழைய பெயரே நீடிக்கிறது.

• பின்னணி நிறத்தோடு, ஒளி ஊடுருவும் அளவைக் குறிக்கும் ஆல்ஃபா 0.5 சேர்த்தால் பின்னணி மட்டும் பாதி ஒளி ஊடுருவும். முழுப் பகுதிக்கும் 'ஒபாசிட்டி' 0.5 என்றால் மேலுள்ள எழுத்தும் சேர்ந்து மங்கும். வயதானவர்களும் படிக்கும் பக்கத்துக்கு ஆல்ஃபாவே நல்லது.