மலைச்சாலைக்கு ஏற்ற கிளட்ச்: டா லாட் நகரின் வாடகை மோட்டார் சைக்கிள்

வியட்நாமின் நடுமேட்டு நிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பைன் காடுகளுக்கிடையே அமைந்த டா லாட் நகரத்தின் தெருக்கள் பெரும்பாலும் ஏற்றமாகவோ இறக்கமாகவோ இருப்பவை. கோஹோ மொழியில் ‘லாட் மக்களின் ஓடை’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இந்நகரம் அமைந்த மேட்டு நிலத்தை, பின்னர் பிளேக் கிருமியைக் கண்டறிந்து புகழ்பெற்ற அலெக்ஸாந்தர் யெர்சின் 1893ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அதன் பிறகே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மலைவாழிட நகரை எழுப்பினர். இன்று இந்நகரைக் காண வருவோரில் பலர் ஒரு நாளைக்கு ஒரு சிறிய மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துச் சுற்றுகின்றனர். அவ்வண்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவருக்கே அந்த மலைச்சாலை பாதுகாப்பானது.

வாடகைக் கடைகளில் கிடைக்கும் வண்டிகளை வியட்நாமியர் இரு வகையாகப் பிரிக்கின்றனர். ஆக்சிலரேட்டரை முறுக்கினாலே ஓடக்கூடிய, கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர் ‘ஸே கா’ எனப்படுகிறது. ‘கா’ என்பது ஆக்சிலரேட்டரைக் குறிக்கும் சொல். காலால் கியர் மாற்ற வேண்டிய, ஆனால் கைப்பிடியில் கிளட்ச் இல்லாத வண்டி ‘ஸே சோ’ எனப்படுகிறது. ‘சோ’ என்றால் எண், அதாவது கியரின் எண். ஹோண்டா வேவ் போன்ற 100 முதல் 110 சிசி வரையிலான வண்டிகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவ்வகையின் மூதாதை, சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய வணிகக் கூட்டாளி தக்கேயோ புஜிசாவாவும் 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியிட்ட 49 சிசி ‘சூப்பர் கப்’ ஆகும். நூடுல்ஸ் தட்டைத் தோளில் ஏந்தியபடி ஒரே கையால் ஓட்டிச் செல்லும் உணவகப் பணியாளருக்கும் ஏற்றதாக வண்டி அமைய வேண்டும் என்ற எண்ணமே, இடக்கைக்கு வேலை வைக்காத கிளட்சுக்கு வழிவகுத்தது. 2017இல் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. 1960களில் தென்வியட்நாமில் இவை பெருமளவில் இறக்குமதியானதால், எந்த நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளாயினும் அதனை ‘ஹோண்டா’ என்றே அழைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

கிளட்ச் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குச் செலுத்தவும், வேண்டாதபோது துண்டிக்கவும் பயன்படும் இணைப்பு. இவ்வண்டியில் அது இரண்டு பகுதிகளாக உள்ளது. முதலாவது, எஞ்சினின் சுழல்தண்டோடு சேர்ந்து சுழலும் மையவிலக்குக் கிளட்ச். எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றுகளில் மெதுவாக ஓடும்போது, அதன் கிளட்ச் ஷூக்களை ஸ்பிரிங்குகள் உட்புறமாக இழுத்துப் பிடித்திருப்பதால், கியர் போட்டிருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது; ஆக்சிலரேட்டரை முறுக்கச் சுழற்சி கூடி, மையவிலக்கு விசையால் ஷூக்கள் வெளிப்புறமாக விரிந்து, தம்மைச் சூழ்ந்துள்ள டிரம்மைப் பற்றிக்கொள்ள, வண்டி நகர்கிறது. இரண்டாவது பகுதி கியர் மிதியோடு இணைந்தது. மிதியின் முன்பக்கத்தைப் பாதத்தால் அழுத்தினால் கியர் கூடுகிறது. பின்பக்கத்தைக் குதிகாலால் அழுத்தினால் குறைகிறது. இந்த அழுத்தத்தின் தொடக்க அசைவு கிளட்சை விலக்க, அடுத்த அசைவு பற்சக்கரத்தை மாற்ற, பாதம் எழும்போது கிளட்ச் மீண்டும் பற்றுகிறது. மிதியைச் சட்டென்று விட்டால் வண்டி குலுங்குவதும், மெல்ல விட்டால் வழுக்கிச் செல்வதுபோல் கியர் மாறுவதும் இதனால்தான்.

மலையில் இவ்வமைப்பின் பயன் இரு வகையில் வெளிப்படுகிறது. முதலாவது, ஏற்றம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. எஞ்சினுக்குள் புகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவதால், அதன் திறனும் தாழ்கிறது. இருவரைச் சுமக்கும் சிறிய எஞ்சின் திணறும்போது, கியரைக் குறைத்தால் சக்கரத்தின் வேகம் குறைந்து இழுவிசை கூடுகிறது. இதே மலையை ரயில் வேறு வழியில் வென்றது. கடலோரச் சமவெளியிலிருந்து டா லாட் வரை அமைந்த 84 கிலோமீட்டர் பாதையின் செங்குத்தான பகுதிகளில், தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டிருந்தது. நீலகிரி மலை ரயிலுக்கும் இப்பாதைக்கும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை பற்சக்கர எஞ்சின்களை அனுப்பியது. 1938இல் கட்டி முடிக்கப்பட்ட, மூன்று கூர்முகடுகளைக் கொண்ட டா லாட் நிலையத்தைக் காண்பவர், அங்கிருந்து 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிராய் மாட் வரை இன்றும் ரயில் செல்வதைக் காணலாம்.

இரண்டாவதும் முதன்மையானதும் இறக்கம். நகரிலிருந்து தெற்கே தாதான்லா அருவியை நோக்கிப் பிரென் கணவாய்ச் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. இருவரோடு சேர்ந்து 220 கிலோ எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பு எடுத்துக்கொண்டாலும், எஞ்சியதைப் பிரேக் மட்டுமே தாங்கினால், பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை மூடிக் கீழ்க்கியரில் இறங்கினால், சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியதாகி, எஞ்சினின் உராய்வும் காற்றை உள்ளிழுத்து அழுத்தும் உழைப்பும் வண்டியைப் பின்னிழுக்கின்றன. மெதுவாகச் செல்லும்போது ஷூக்கள் விலகினாலும் இவ்விணைப்பு அறுந்துபோகாதபடி, சக்கரம் எஞ்சினை முந்த முயலும்போது மட்டும் பற்றிக்கொள்ளும் ஒருவழிக் கிளட்ச் ஒன்றும் உள்ளே பொருத்தப்பட்டுள்ளது. பெல்ட்டால் இயங்கும் ஸ்கூட்டரில் வேகம் மிகக் குறையும்போது கிளட்ச் விலகிவிடுவதால், அதன் ஓட்டுநருக்குப் பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை. டா லாட் சாலைகளுக்கு ‘ஸே சோ’ பொருந்துவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

எனவே வாடகைக்கு எடுக்கும்போதே இரு பிரேக்குகளையும் டயர்களின் வரிகளையும் சோதித்து, சமதளத்தில் நான்கு கியர்களையும் சில முறை மாற்றிப் பழகிக்கொள்வது நல்லது. வியட்நாமில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கமாகச் செல்கின்றன. 2007 டிசம்பர் முதல் மோட்டார் சைக்கிளில் செல்வோர் எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் அணிவது கட்டாயம். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே செல்லுபடியாகும் உரிமம் வேண்டும். நெடுங்காலம் போக்குவரத்து விளக்குகளே இல்லாத நகரமாக விளங்கிய டா லாட்டில் ரவுண்டானாக்கள் மிகுதியாதலால், வேகத்தைக் குறைத்துக் கியரையும் குறைக்கும் பழக்கம் நகருக்குள்ளேயே கைகூடிவிடும். 2,167 மீட்டர் உயரமுள்ள லாங் பியாங் மலையின் அடிவாரத்துக்குச் செல்லும் சாலையானாலும், பிரென் கணவாயானாலும், மலையில் வண்டி ஓட்டுவோர் மறவாதிருக்க வேண்டிய விதி ஒன்றே: ஒரு சரிவில் ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ, அதே கியரில்தான் அச்சரிவில் இறங்கவும் வேண்டும்.