சேது கட்டிய ஐந்து நாட்கள்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, தர்ப்பசயன இராமர் பள்ளிகொண்ட திருப்புல்லாணியைக் கடந்து சென்றால் சேதுக்கரை. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து நீராட அடியார்கள் திரளும் இத்துறையிலிருந்துதான் இலங்கைக்கு அணை கட்டப்பட்டது என்பது தலமரபு. கரையில் நின்று நோக்கினால் எதிரே கடலும் வானும் மட்டுமே தெரியும். இராமபிரானுடன் வந்த வானரசேனையின் முன்னும் அன்று அதே கடல்தான் விரிந்து கிடந்தது. கடக்க வேண்டியதோ நூறு யோசனை. கையிலிருந்தவை மரமும் கல்லுமே.

அத்துணைப் பெரிய பணியை அவர்கள் மலைத்து நில்லாமல் முடித்தது எவ்வாறு? வான்மீகி முனிவர் யுத்த காண்டத்தில் அதன் கணக்கை நாள்வாரியாகவே தந்துள்ளார். முதல் நாள் 14 யோசனை, இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 21, நான்காம் நாள் 22, ஐந்தாம் நாள் 23. கூட்டினால் சரியாக நூறு. நளன் முன்நின்று நடத்திய அப்பணியில் சிலர் அளவுக்கயிறு பிடித்தனர். சிலர் அளவுகோல் ஏந்தினர் என்றும் முனிவர் கூறுகிறார்.

இக்கணக்கில் ஊன்றி நோக்கத்தக்கவை இரண்டு. முதல் நாளின் அளவே எல்லாவற்றினும் சிறியது. பழகப் பழகவே வேகம் கூடிற்று. மற்றொன்று, முதல் நாள் வேலையைச் சொல்லும்போதே வானரர்களை மகிழ்ச்சி மிக்கவர்களாக முனிவர் காட்டுகிறார். அன்று இன்னும் 86 யோசனை எஞ்சியிருந்தது. இலங்கைக் கரையை அடைந்த பிறகே மகிழ்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கல் சுமப்பதே அவர்களுக்கு இன்பமாயிற்று.

முதுமையில் இப்பாடம் மிகவும் வேண்டப்படுவது. அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம் என்று நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தவை ஒவ்வொன்றாக விலகிவிடுகின்றன. பிள்ளைகள் தொலைவில் வாழ்கின்றனர். ‘இனி நமக்கு என்ன இருக்கிறது?’ என்னும் எண்ணம் மாலைவேளைகளில் மெல்ல நுழைகிறது. உடல் தளர்வதைக் காட்டிலும் இந்த மனத்தளர்ச்சியே கொடிது.

இதற்கு நம் முன்னோர் வைத்துள்ள மருந்து சங்கல்பம். எந்தப் பூசையும் அதனோடுதான் தொடங்குகிறது. ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைச் சொல்லி, இன்ன இடத்தில், இன்னார், இன்ன செயலைச் செய்கிறேன் என்று வாய்விட்டு உறுதி கூறுகிறோம். ‘என்றேனும் செய்வேன்’ என்பதற்கு அங்கே இடமில்லை. இன்று, இங்கே, இவ்வளவு என்பதே அதன் வடிவம்.

இராமேசுவரத்தில் தீர்த்தமாடும் முறையும் இவ்வாறே அமைந்துள்ளது. அக்கினி தீர்த்தமாகிய கடலில் மூழ்கிய பின், திருக்கோயிலுக்குள் மகாலட்சுமி தீர்த்தம் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தங்களில் நீராடுகின்றனர். கோடி தீர்த்தமே போதும் என்று யாரும் நேரே அங்குச் செல்வதில்லை. அடுத்தது எது, அடுத்தது எது என்று குழந்தைகளைப் போல் ஈரத்துணியோடு செல்வதிலேயே உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. அணை கட்டிய நளன், நீலன் ஆகியோர் பெயராலும் அங்கே தீர்த்தங்கள் உண்டு.

‘ஆசையை விடச் சொல்கிறதே கீதை, இலக்கு வைப்பதும் ஆசைதானே?’ என்று சிலர் ஐயுறலாம். கீதை விடச் சொல்வது பயனின்மேல் உள்ள பற்றை, செயலை அன்று. ‘மூட்டுவலி தீர வேண்டும்’ என்பது நம் கையில் இல்லாதது. ‘நாள்தோறும் 108 முறை ஸ்ரீராமஜெயம் எழுதுவேன்’ என்பது நம் கையில் உள்ளது. முன்னதை அவன் திருவடியில் வைத்துவிட்டுப் பின்னதை மேற்கொள்ளலாம். நாளுக்கு 108 என்றால் ஓராண்டில் 39,420. இரண்டரை ஆண்டுகள் கடந்து சில நாட்களில் இலட்சம் நிறையும். ஆயினும், எழுதும்போது இலட்சத்தை எண்ணாமல், எழுதுகின்ற அந்த ஒரு நாமத்தில் மனம் நிற்பதே இன்பம்.

அளவு அவரவருக்கு உரியதாக இருத்தல் வேண்டும். அடுத்த வீட்டார் 1,008 எழுதுகிறார் என்றோ, இளமையில் நாம் மூன்று முறை வலம் வந்தோம் என்றோ ஒப்பிட்டு வருந்தலாகாது. ஒரு சுற்று இயன்றால் ஒரு சுற்று. எல்லாத் தீர்த்தங்களிலும் நனைய உடல் இடந்தராவிட்டால், நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். காய்ச்சலால் ஒருநாள் தவறினால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சங்கல்பமே குலைந்தது என்று நோட்டை மூடிவைக்க வேண்டியதில்லை.

தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் சேதுப் பணிக்கு வந்த அணிலை நினைந்து உருகுகிறார். மலையைத் தூக்கிய வானரங்களுக்கிடையே அது நீரில் மூழ்கி, மணலில் புரண்டு, தன்னால் இயன்றதைச் செய்தது. தன் மேனியில் ஒட்டிய மணல் எத்துணை என்று அது கணக்கிட்டு நாணவில்லை. அடுத்த முறை புரள ஓடிற்று.

நாளைக் காலை விளக்கேற்றியதும் ஒரு சிறு சங்கல்பம் செய்துகொள்ளலாம். ஒரு பக்கம் எழுதுதல், ஒரு பாசுரமோ பதிகமோ மனனம் செய்தல், பேரக்குழந்தைக்கு இராமகதையில் ஒரு பகுதி சொல்லுதல், இவற்றில் எதுவாயினும் சரி. இரவில் அதை இறைவனுக்கு அர்ப்பணம் செய்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.