பாலைவனக் குருதியும் நூறு மைற் பாதையும்

குதிரைப் பந்தயம் என்றவுடன் சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஓட்டமே நம் நினைவுக்கு வருகிறது. நேயர்களே, இன்று நாம் பார்க்கப்போவது ஒரு பகல் முழுவதும், இரவின் பெரும்பகுதியும் நீடிக்கும் நெடுந்தூரச் சவாரி.

1955ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வெண்டெல் றொபி என்னும் மரவணிகர், இக்காலக் குதிரையும் ஒரே நாளில் நூறு மைல் செல்லவல்லது என்று காட்டப் புறப்பட்டார். தாஹோ ஏரியருகே தொடங்கி, சியரா நெவாடா மலைகளைக் கடந்து, ஓபர்ன் நகரை அடைந்தார். அவரைச் சுமந்து சென்ற பாண்டோஸ் ஓர் அராபியக் குதிரை. பின்னர் டெவிஸ் கிண்ணச் சவாரி எனப் பெயர்பெற்ற அப்போட்டியில் வென்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை அராபிய இனத்தவையே.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. அராபியக் குதிரை சிறியது. ஆதலால், எடையோடு ஒப்பிடுமிடத்து, வெப்பத்தை வெளியேற்றும் தோற்பரப்பு அதற்கு அதிகம். அதன் தசைகளில், மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களையாது உழைக்கும் இழைகள் மிகுதி. ஓட்டப்பந்தயத்துக்கென வளர்க்கப்படும் தொரோபிரெட் குதிரைக்கோ விரைந்து சுருங்கும் இழைகளே மிகுதி. பசியும் தாகமும் வெயிலும் பலவீனமானவற்றைக் கழித்துவிட, எஞ்சியவற்றின் வமிசத்தைப் பெதூயின் மக்கள் தாய்வழியாகவே கணக்கிட்டுப் பேணினர்.

ஆயினும் அராபியன் என்ற பெயர் மட்டும் நூறு மைல் ஓடிவிடாது. முகவழகைப் பார்த்தே காட்சிமேடைக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வமிசம் வேறு. உழைப்பிற் சோதிக்கப்பட்ட வமிசம் வேறு. போலந்து நாட்டினர் தங்கள் அராபியக் குதிரைகளை ஓட்டக்களத்திற் சோதித்த பின்னரே இனவிருத்திக்குப் பயன்படுத்தினர். 1931இல் அவர்கள் பாலைவனத்திலிருந்து கூஹைலான் ஹைபி என்னும் ஆண்குதிரையை வாங்கி வந்தனர். அதன் மகன் ஒபிர். ஒபிரின் மகன், 1938இல் யானூவ் பொட்லாஸ்கிப் பண்ணையிற் பிறந்த இரண்டாம் வித்தேஸ். உலக யுத்தம் மூண்டது. வித்தேஸ் ஜெர்மானியர் கைக்குப் போய், 1945இல் பொஹீமியாவின் ஹொஸ்டாவில் அமெரிக்கக் குதிரைப்படையினரால் மீட்கப்பட்டு, கலிபோர்னியா வந்து சேர்ந்தது. அங்கே அதன் மகன் வித்தேசார்; பேரன் வித்தேசாரிப். டொனா பிட்ஸ்ஜெரால்ட் என்னும் பெண்மணி இந்தப் பேரன்மீது ஏறி, 1970க்கும் 1976க்கும் இடையில் டெவிஸ் கிண்ணத்தை ஆறு முறை வென்றார். யுத்தத்திற் காணாமற் போயிருக்கக்கூடிய ஒரு குருதி இது!

இக்குருதியிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. தன் வலிமை தீர்ந்த பின்னரும், ஏறியிருப்பவர் கேட்டால் முன்செல்ல முயலும் குணம் இவற்றுக்கு உண்டு. குதிரையைக் காணாது கடிகாரத்தை மட்டும் கண்ட சவாரிகளில் குதிரைகள் இறந்ததும் உண்டு. அதனால் வழியிற் பல நிலையங்களில் மிருகவைத்தியர் காத்திருக்கின்றனர். நாடித்துடிப்பு, பெரும்பாலும், நிமிடத்துக்கு 64 அளவிற்கு இறங்கவேண்டும். நடையில் நொண்டல் கூடாது. உடலில் நீர் வற்றியிருக்கவும் கூடாது. தவறினால், முன்னணியில் நிற்கும் குதிரையாயினும் அங்கேயே நிறுத்தப்படும். டெவிஸ் சவாரியில் புறப்படுபவற்றுட் பாதியளவே முடிவிடத்தை அடைகின்றன.

முதலில் வந்து சேரும் பத்துக் குதிரைகளுக்கு மறுநாளும் ஒரு சோதனை உண்டு. இன்னும் தொடர்ந்து செல்லக்கூடிய நல்ல நிலையில் நிற்பதற்கு, 1964 முதல் ஹாகின் கிண்ணம் வழங்கப்படுகிறது. வேகத்துக்குரிய கிண்ணத்தைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.