பூஞ்செடிகளும் மாவுப்பூச்சியும்

இறைவனுக்குச் சாத்தும் மலரைத் தம் முற்றத்திலேயே கொய்தல் வேண்டும் என்னும் விருப்பம் நம்மவரிடையே தொன்றுதொட்டு நிலவுவது. புத்தளம் மாவட்டத்திற் பள்ளிவாசல்துறை அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாடு, மழை குறைந்தும் வெயில் மிகுந்தும் உள்ள மணல் நிலமாகும். ஆயினும், கிணற்று நீர் வார்த்தால் அங்கும் செவ்வரத்தை செழித்து வளரும். அச்செடியின் குருத்திலும் மொட்டின் காம்பிலும் ஒருநாள் வெண்பஞ்சு போன்ற ஒன்று ஒட்டியிருக்கக் காணலாம். சின்னாட்களில் இலை சுருளும். மொட்டு விரியாது உதிரும். இது மாவுப்பூச்சியின் வேலை. கண்டவுடன் நஞ்சு தெளிக்க முற்படுவது பலர் வழக்கம். அது தக்க வழியா என்பது ஆராயத்தக்கது.

மாவு போலத் தோன்றுவது பூச்சியன்று. பூச்சி தன் உடலினின்று சுரந்து போர்த்துக்கொள்ளும் மெழுகாகும். அதன் கீழே இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள மென்மையான உடல் உண்டு. பெண் பூச்சிக்குச் சிறகில்லை. ஊசி போன்ற வாயுறுப்பைச் செடியினுட் செலுத்திச் சாற்றை உறிஞ்சியவாறே பெரும்பாலும் ஓரிடத்திற் கிடக்கும். பஞ்சு போன்றதொரு பையிற் பல முட்டைகளை ஒருங்கே இடும். அவற்றினின்று வெளிவரும் குஞ்சுகள் மெழுகுப் போர்வையின்றி ஊர்ந்து திரியும்; காற்றும் அவற்றை அயற்செடிக்குக் கொண்டுசெல்லும்.

உறிஞ்சிய சாற்றில் மிகுந்த சீனியைப் பூச்சி இனிய கழிவாக வெளியேற்றும். அக்கழிவின் மேற் கரும்பூஞ்சணம் படர்ந்து இலையை மூடும். கழிவை உண்ண வரும் எறும்புகளோ, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பிற பூச்சிகளைத் துரத்திவிடுகின்றன. ஆகவே, பூஞ்செடியில் எறும்பு நிரை ஏறக் காண்பவர் அது சென்று சேரும் இடத்தைத் தேடிப் பார்த்தல் நன்று.

நஞ்சு ஏன் பல வேளைகளிற் பயன் தருவதில்லை? நீரிற் கரைத்துத் தெளிப்பது மெழுகின்மேல் நில்லாது வழிந்தோடும். பையினுள்ளிருக்கும் முட்டைகளை அது அடைவதும் அரிது. போர்வையற்ற எதிரிப் பூச்சிகளே எளிதில் மடியும். காவலர் மாளக் கள்வர் எஞ்சுவர். அன்றியும், கற்பிட்டியில் மழைநீர் மணலூடே இறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அதுவே அங்குள்ளோரின் கிணற்று நீர். அக்கிணறுகள் பலவற்றில் உரத்தின் வழிவந்த நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. உரம் இறங்கிய வழியில் நஞ்சும் இறங்கக்கூடும் அன்றோ?

இதற்கு மாற்று வழி உண்டு என்பதை இலங்கையின் அண்மைக்கால அனுபவம் உணர்த்தும். மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாசி மாவுப்பூச்சி, 2008ஆம் ஆண்டு மேல் மாகாணத்திற் காணப்பட்டது. பெயர் பப்பாசியைக் குறிப்பினும், அது செவ்வரத்தையையும், சிங்கள மக்கள் அரலியா என வழங்கும் விகாரை மலர்மரத்தையும் பற்றவல்லது. தாயகத்தில் அது பெருந்தொல்லையாக இருந்ததில்லை. அங்கு அதற்கு இயற்கைப் பகைகள் உள. கடல் கடந்தபோது பூச்சி வந்தது, பகை வரவில்லை. எனவே, 2009ஆம் ஆண்டு அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி போர்ட்டோ ரிக்கோவினின்று வருவிக்கப்பட்டு இங்கு விடப்பட்டது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அக்குளவி, இளம் மாவுப்பூச்சியின் உடலினுள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வளரும். பின்னர் குளவியாகி, வெறுங்கூட்டைத் துளைத்து வெளியேறும். அது மனிதரைக் கொட்டுவதில்லை. தமிழ்நாட்டிலும், 2008இல் கோயம்புத்தூரில் தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை வருத்திய இப்பூச்சி, 2010இல் அவ்வினக் குளவி விடப்பட்டபின் அடங்கியது.

இல்லத் தோட்டத்தில் செய்யத்தக்கவை எளியன. வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் நோக்குக. சில பூச்சிகளே இருப்பின் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். நீரை விசையுடன் பீய்ச்சியும் அகற்றலாம். மிகப் பற்றிய கிளையை வெட்டி, பொலித்தீன் பையிற் கட்டி வெயிலில் இடுக. குப்பையில் எறிந்தால் குஞ்சுகள் மீண்டும் ஊர்ந்து வரும். எஞ்சியவற்றிற்கு, ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரக் கரைசல் கலந்து, பூச்சி உள்ள இடத்தில் மட்டும் மாலையில் தெளிக்கலாம். முன்னதாக ஓரிலையிற் சோதித்தல் வேண்டும். முட்டைகள் தப்புமாதலின் வாரந்தோறும் சில முறை இதனைச் செய்தல் தகும். எறும்பேறும் வழியைத் தடுத்தலும் இன்றியமையாதது. புதுச்செடி கொணர்வோர் அதனைச் சின்னாட்கள் தனித்து வைத்துப் பார்த்த பின்னரே ஏனையவற்றுடன் சேர்க்க வேண்டும்.

இம்முறையில் ஒரே நாளிற் பயன் விளையாது. ஆயினும், சில வாரங்களில் வெண்பஞ்சினிடையே துளையுள்ள வெற்றுக்கூடுகள் தென்படின், குளவி வந்துவிட்டதென அறியலாம். அப்போது அச்செடிக்கு எதனையும் தெளியாது விடுதலே தக்கது.