முறிந்த ஒப்பந்தங்களின் கத்திகள்

வெளிநாட்டு ராணுவங்களுக்காகத் தயாரான அபூர்வ பயனெட்டுகளைத் தேடி அலைகிறது ஒரு சிறு கூட்டம். பொருளின் விலை அதில் அடித்த முத்திரையில் இருக்கிறது. போலி செய்கிறவர்களுக்கும் அது தெரியும்.

பார்த்தால் கூடாரம் அடிக்கும் ஆணி என்றுதான் தோன்றும். சுமார் 8 அங்குல நீளத்துக்கு முக்கோண வடிவில் ஓர் இரும்பு முனை. கைப்பிடி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மரம் பதிக்கவில்லை, அலங்காரம் இல்லை. துப்பாக்கிக் குழலில் மாட்ட ஒரு வளையம், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் இதைச் சுமந்த அமெரிக்க மெரைன் வீரர்களே இதைக் கூடார ஆணி என்றுதான் கிண்டல் செய்தார்கள். சண்டைக்கு லாயக்கில்லாத இந்தச் சாமான் இன்று பயனெட் சேகரிப்பவர்கள் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள்.

இது ஜான்சன் 1941 ரைபிளின் பயனெட். மெல்வின் ஜான்சன் என்ற மெரைன் ரிசர்வ் அதிகாரி வடிவமைத்த அந்த ரைபிளில், ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலே பின்னால் நகர்ந்து திரும்ப வேண்டும். முனையில் கனமான கத்தியை மாட்டினால் அந்த ஓட்டம் கெட்டுவிடும். அதனால்தான் இந்த ஒல்லிக் குச்சி. அமெரிக்க ராணுவம் ஏற்கெனவே காரண்ட் ரைபிளைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் ஜான்சனுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் தேவைப்பட்டார். கிடைத்தது டச்சு அரசு. 1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்துவிட்ட நிலையில், கிழக்கிந்தியத் தீவுகளில் - இன்றைய இந்தோனேசியாவில் - இருந்த டச்சுப் படைக்காக 70,000 ரைபிள் கேட்டார்கள். தயாரிப்பு சூடு பிடிப்பதற்குள் 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரக்கு இருந்தது, அனுப்ப ஊர் இல்லை. ஒரு பகுதி மெரைன் படைக்குப் போயிற்று. தென் அமெரிக்காவின் சிலி நாடு 1,000 வாங்கிக்கொண்டது.

அந்த ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் ஜான்சன் பயனெட்டுக்கு இவ்வளவு மவுசு இருந்திருக்காது. வெளிநாட்டு ஒப்பந்த பயனெட்டுகள் என்ற இந்தப் பிரிவு முழுவதற்குமே இது பொருந்தும். வாங்கியவர் திவாலானார், நாடு கவிழ்ந்தது, புரட்சி வந்தது, கப்பல் போகவில்லை. இப்படி ஏதோ ஒரு விபத்துதான் சாதாரண ராணுவத் தளவாடத்தை அபூர்வப் பொருளாக்குகிறது.

பயனெட்டுக்குத் தமிழில் துப்பாக்கிச் சனியன் என்றொரு பெயர் உண்டு. யார் வைத்தார்களோ, யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பயத்தை ஊட்டிய அளவுக்கு அது ஆட்களைக் குத்தவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் மருத்துவர்கள் பதிவு செய்த காயங்களில் பயனெட் காயம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இருந்தாலும் 19-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் எந்த ராணுவமும் பயனெட் இல்லாமல் ரைபிள் வாங்கவில்லை. சொந்தத் தொழிற்சாலை இல்லாத நாடுகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக்கும் ஆஸ்திரியாவின் ஸ்டெயருக்கும் அமெரிக்காவின் கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மாநிலங்களுக்கும் ஆள் அனுப்பின. நாட்டுச் சின்னத்தையும் எழுத்தையும் வாங்குகிறவர் கொடுப்பார். அதை அச்சு வெட்டி எஃகில் அடிப்பது தயாரிப்பாளர் வேலை. துருக்கி பயனெட்டில் அரபு எழுத்து வடிவமும் சோலிங்கன் கம்பெனிப் பெயரும் சேர்ந்து கிடப்பது இப்படித்தான்.

துருக்கிக் கதை பெரிய கதை. 1870-களின் தொடக்கத்தில் ரோட் ஐலண்டில் இருந்த பிராவிடன்ஸ் டூல் கம்பெனியிடம் ஒட்டோமான் அரசு கேட்ட பீபடி மார்ட்டினி ரைபிள்களின் எண்ணிக்கை 6 லட்சம். கூடவே பயனெட்டுகள்: குழாய் மாதிரிச் செருகும் வகை ஒன்று, வளைந்த யத்தகான் வாள் வகை இன்னொன்று. இவ்வளவு பெரிய ஆர்டர் ஒரு கம்பெனியைத் தூக்கி நிறுத்த வேண்டும். நடந்தது வேறு. 1875-ல் ஒட்டோமான் அரசு கடன்களைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. 1877-ல் ரஷ்யாவுடன் போர். பிளெவ்னா முற்றுகையில் இந்த ரைபிள்கள் ரஷ்யர்களை வெகு தூரத்திலேயே சாய்த்துப் பெயர் வாங்கின. கம்பெனிக்குப் பணம்தான் இழுபறியாயிற்று. 1880-களின் தொடக்கத்தில் பிராவிடன்ஸ் டூல் மூழ்கியது. அதே சிறிய மாநிலத்தில்தான் 60 வருடம் கழித்து ஜான்சன் ரைபிளும் தயாரானது என்பது விநோதம்.

ஒப்பந்த பயனெட்டுகளின் பொற்காலம் 1915. தன் தொழிற்சாலைகள் போதாமல் பிரிட்டன் அமெரிக்காவுக்கு ஓடியது. ரெமிங்டன் முதலில் 1907 மாடல் பயனெட்டை 1 லட்சம் அளவில் செய்தது. பிறகு 1913 மாடல்: ரெமிங்டன் 12 லட்சத்துக்கும் மேல், வின்செஸ்டர் சுமார் 2.25 லட்சம். இரண்டு மாடலுக்கும் 17 அங்குல அலகு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் ஒன்றின் துப்பாக்கியில் இன்னொன்று மாட்டாது. அவசரத்தில் சிப்பாய் குழம்பக்கூடாது என்று 1913 மாடலின் மரக் கைப்பிடியில் குறுக்கே இரண்டு பள்ளங்கள் வெட்டினார்கள். இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரியும்.

1917-ல் அமெரிக்காவே போரில் இறங்கியது. கைவசம் இருந்தது பிரிட்டிஷ் ரைபிளுக்கான எந்திரங்கள். அதையே தன் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி 1917 மாடல் என்று பெயர் சூட்டியது. மீந்துபோன பிரிட்டிஷ் பயனெட்டுகளிலும் அமெரிக்க முத்திரை விழுந்தது. பிரிட்டனின் அம்புக்குறிக்கு எதிரே இன்னொரு அம்பை முனையோடு முனை சேர்த்து அடித்தால், பொருள் பிரிட்டிஷ் உடைமை அல்ல என்று அர்த்தம். ஒரே அலகில் இரண்டு ராணுவங்களின் குறியும், கைமாறிய அடையாளமும். சேகரிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். அலகில் 1913 என்று பார்த்ததும் அது செய்த வருடம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது மாடலின் வருடம். கீழே சிறிதாக 8 16 என்று இருக்கிறதே, அதுதான் தேதி: 1916 ஆகஸ்ட். பக்கத்தில் இருக்கும் எக்ஸ் குறி, அலகை வளைத்துப் பார்த்துச் சோதித்ததற்கான சான்று.

ரஷ்ய ஒப்பந்தங்கள் இன்னும் சுவையானவை. ஜார் அரசு மொசின் நாகந்த் ரைபிள்களை ரெமிங்டனிடம் 15 லட்சமும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸிடம் 18 லட்சமும் கேட்டது. கூடவே நான்கு பட்டை கொண்ட குத்தூசி பயனெட்டுகள். 1917-ல் ஜார் போனார். அக்டோபரில் போல்ஷ்விக்குகள் வந்தார்கள். ஒப்பந்தம் கிழிந்தது. கம்பெனிகள் நொடித்துப் போகாமலிருக்க, மிஞ்சிய சரக்கில் சுமார் 2,80,000 ரைபிள்களை அமெரிக்க அரசே வாங்கியது. 1918-ல் வட ரஷ்யாவின் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்ட அமெரிக்காவின் 339-வது காலாட்படையின் கையில் கொடுத்தது மொசின் நாகந்தைத்தான். ஜாரின் சிப்பாய்களுக்காக அமெரிக்கத் தொழிலாளிகள் செய்த ஆயுதம், ரஷ்யர்களை எதிர்த்துச் சண்டை போட அமெரிக்கர்கள் தோளில் ஏறி ரஷ்யாவுக்கே போனது. சாதாரண ரஷ்ய பயனெட்டுகள் மலிவு. ரெமிங்டனின் சிறு முத்திரை இருந்தால் கதை வேறு.

அதைவிட அபூர்வம் வின்செஸ்டர். அதன் 1895 மாடல் லீவர் ரைபிள் - கௌபாய் படங்களில் வருகிற குடும்பத்தைச் சேர்ந்தது - சுமார் 3 லட்சம் ரஷ்யாவுக்குப் போனது. முதலில் சுமார் 15,000 பயனெட்டுகள் 8 அங்குல அலகோடு தயாராயின. பிறகு 16 அங்குலத்துக்கு நீட்டினார்கள். நீளமானதே சுலபத்தில் கிடைக்காது. முதலில் வந்த குட்டையானதைப் பலர் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

முத்திரை இவ்வளவு பேசும் என்றால், அழிக்கப்பட்ட முத்திரை? அர்ஜென்டினா 1891-ல் தேர்ந்தெடுத்த மௌசர் ரைபிளுக்கு சோலிங்கனின் வெயர்ஸ்பெர்க் கிர்ஷ்பாம் கம்பெனி பயனெட் செய்தது. பலவற்றுக்கு அலுமினியக் கைப்பிடி. அந்த உலோகம் மலிவான புதிதில் அது நாகரிகம். ஆனால் பழையதை வெளியே விற்கும்போது நாட்டுச் சின்னத்தைச் சாணை பிடித்து அழித்துவிடும் வழக்கம் அர்ஜென்டினாவில் இருந்தது. சின்னம் தப்பியதற்கு ஒரு விலை, தேய்த்ததற்கு வேறு விலை. சிலி வேறு மாதிரி. தென் ஆப்பிரிக்காவின் ஆரஞ்சு சுதந்திர நாடு ஜெர்மனியில் ஆர்டர் கொடுத்து, போயர் போரால் போய்ச் சேராமல் நின்ற மௌசர் ரைபிள்களை அது வாங்கியது. ஓ.வி.எஸ். என்ற பழைய எழுத்துகளின் மேலேயே தன் சின்னத்தை அடித்துக்கொண்டது. வேலை செய்தவர் அவசரத்தில் இருந்தாரோ என்னவோ, கீழே உள்ள எழுத்து இன்றும் தெரிகிறது.

துருக்கியர்கள் சிக்கனக்காரர்கள். ஒட்டோமான் அரசு ஜெர்மனியிலிருந்து வாங்கிய நீண்ட பயனெட்டுகளைக் குடியரசுக் காலத்தில் வெட்டிக் குட்டையாக்கி, ராணுவத் தொழிற்சாலையின் குறியை அடித்தார்கள். இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது 1907 மாடலின் 17 அங்குல அலகு பலவற்றை சுமார் 12 அங்குலமாகக் குறைத்தார்கள். சேகரிப்பவர்களில் சுத்தவாதிகள் இவற்றைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அது நியாயமில்லை. வெட்டப்பட்டதும் அந்தக் கத்தியின் வாழ்க்கைதான்.

நிஜமான கேடு வேறு இடத்திலிருந்து வருகிறது. சாதாரண பயனெட்டுக்கும் அபூர்வமானதற்கும் நடுவே பல சமயம் ஒரு முத்திரைதான் வித்தியாசம். முத்திரை அடிக்க ஓர் அச்சும் சுத்தியலும் போதும். ஜான்சன் பயனெட்டுக்கு நகல்கள் ஏராளமாக வந்துவிட்டன. நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. இரண்டு கை மாறியதும் அந்த வார்த்தை காணாமல் போய்விடுகிறது. பிரிட்டிஷ் 1907 மாடலின் காப்புப் பட்டையில் ஆரம்பத்தில் கொக்கி போல் வளைந்த நுனி இருந்தது. 1913-ல் அதைக் கைவிட்டார்கள். கொக்கி உள்ளதற்கு விலை பல மடங்கு என்பதால் வெல்டிங் வைத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெமிங்டன் பெயரோடு கொக்கி இருந்தால் பேசாமல் நடையைக் கட்டலாம். ரெமிங்டன் அதைச் செய்யத் தொடங்கியதே 1915-ல்.

அனுபவசாலிகள் முதலில் பூதக்கண்ணாடியை எடுப்பார்கள். தயாரிப்பின்போது அடித்து, அதன் பிறகு தேய்த்து மெருகேற்றிய எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். நேற்று அடித்ததன் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும், அல்லது பழைய கறை அந்த இடத்தில் மட்டும் அறுந்திருக்கும். அடுத்தது குழல் வளையத்தின் உள் அளவு. எந்தத் துப்பாக்கிக்கு என்று சொல்கிறாரோ அதன் முனையில் மாட்ட வேண்டும். பிறகு உறை. கத்தி ஒரு நாடு, உறை ஒரு நாடு என்று ஜோடி சேர்ப்பது இந்த வியாபாரத்தில் பழைய வித்தை. கடைசியாக, பளபளப்பு. நூறு வருடக் கத்தி எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னினால் யாரோ எமரித் தாளைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். போலி முத்திரை ஒரு பொய்யைச் சேர்க்கிறது. எமரித் தாள் இருந்த உண்மையையும் துடைத்துவிடுகிறது. அதைச் செய்கிறவர் பெரும்பாலும் நல்ல மனதோடு செய்கிறார் என்பதுதான் சோகம்.

அமெரிக்காவில் பயனெட் சேகரிப்பவர்களுக்கென்றே தனிச் சங்கம் இருக்கிறது. சோலிங்கனில் பழைய மடம் ஒன்றில் கத்திகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. 1975-ல் வாட்ஸ், வைட் இருவரும் எழுதிய பயனெட் நூலை ஆர்வலர்கள் இன்னும் புரட்டுகிறார்கள்.

இந்தியாவில் இந்த ஆசை வந்தால் சட்டப் புத்தகத்தையும் கூடவே வாங்க வேண்டும். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள பட்டியல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைச் சொல்லும்போது பயனெட்டின் பெயரையே குறிப்பிடுகிறது. மத்திய அரசு அறிவித்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தாத்தா ராணுவத்திலிருந்து கொண்டுவந்தது என்பது லைசென்ஸ் ஆகாது. இன்னொரு பக்கம், 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்தின் அளவுகோல் 100 வருடம். முதல் உலகப் போரின் கத்திகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி மனிதருக்கு உரிமையில்லை. ஆக, உள்ளே ஆயுதம், எல்லையில் தொல்பொருள். பரணில் ஒன்று கிடைத்தால் எமரித் தாளை எடுக்காமல், முதலில் முத்திரைகளைப் படம் எடுத்துக்கொண்டு சட்டம் தெரிந்தவரிடம் கேட்பது நல்லது.

அந்த இரண்டு பள்ளங்களுக்கு வருவோம். 1917 மாடலில் அமெரிக்காவுக்கு அவை தேவையே இல்லை. குழம்புவதற்கு 1907 மாடல் அங்கே கிடையாது. இருந்தும் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த ரைபிள் ஓய்வு பெற்றது. அதன் பயனெட் மட்டும் ராணுவ ஷாட்கன்களின் முனைக்குக் குடிபோனது. வியட்நாம் போருக்கு ஷாட்கன்கள் தேவைப்பட்டபோது பழைய பயனெட் இருப்பு போதவில்லை. 1966-ல் புதிதாக ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு பகுதியைச் செய்தது ஓஹையோவின் ஜெனரல் கட்லரி கம்பெனி. இன்னொரு பகுதி எல்லை தாண்டி கனடியன் ஆர்சனல்ஸ் நிறுவனத்துக்குப் போனது. 50 வருடத்துக்கு முன் ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் இருட்டில் குழம்பக்கூடாது என்று யாரோ வெட்டச் சொன்ன இரண்டு பள்ளங்கள் அந்தக் கைப்பிடிகளிலும் அப்படியே இருந்தன. கனடாவில் செய்தவை இப்போது வெளிநாட்டு ஒப்பந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. சேகரிப்பவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.