வாக்குரிமை இல்லார்க்கு வகுத்த சட்டம்

திருவாரூரில் முறைசெய்த மனுநீதிச் சோழன் வரலாற்றை அறியாத தமிழர் இலர். அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்றொன்று அகப்பட்டு மாண்டது. கன்று தானே ஓடிவந்து இடையிற் புகுந்ததாதலின், கழுவாய் தேடுதலே அமையும் என்றனர் அமைச்சர். மன்னவனோ தாய்ப்பசுவின் துயரையே பெரிதாக எண்ணி, மகன்மீது தேரைச் செலுத்தினான். அந்நடுவுநிலைமை போற்றற்குரியதே. ஆயினும், விளைந்த தீங்கினை மட்டும் நோக்குவதா, செய்தவனது நிலையையும் நோக்குவதா என்னும் வினா அன்றே எழுந்தது. இன்றும் அது முற்றத் தீர்ந்திலது. அன்று விடை சொன்னவன் அரசன் ஒருவனே. இன்று பலர் கூடிச் சொல்லுகின்றனர். அவர் எவ்வாறு சொல்லுகின்றனர் என்பதை, பிழைசெய்த சிறாரைப் பற்றிய இந்தியச் சட்டமொன்றைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

பாராளுமன்ற ஆட்சியின் உயிர்நாடி பொறுப்பு என்னும் ஒரு சொல்லில் அடங்கும். மக்கள் வாக்களித்து மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவ்வவையிற் பெரும்பான்மை பெற்றோர் மந்திரிசபை அமைக்கின்றனர். அவையின் நம்பிக்கையை இழந்த அன்றே அம்மந்திரிசபை பதவி விலகுதல் வேண்டும். ஆகவே மந்திரி அவைக்கு அஞ்சுவர். உறுப்பினர் வாக்காளர்க்கு அஞ்சுவர். இவ்வச்சமே குடிகளுக்குக் காப்பு. 1989-ஆம் ஆண்டு முதல், 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது. அவ்வயது நிரம்பாதார்க்கு வாக்கில்லை. அவர்க்கு அஞ்சுவார் யார்? சட்டம் இயற்றும் முறையின்கண் அமைந்த தடைகளும் ஆராய்ச்சிகளுமே அவர்க்கு வேலியாதல் வேண்டும்.

அம்முறை யாது? சட்டமாகுமுன் அதன் வரைவுக்கு மசோதா என்பது பெயர். அதனை அவையிற் புகுத்துதல் முதல் வாசிப்பு. பின்னர், இரு சபையினரும் கலந்த நிலைக்குழுவொன்றின் ஆய்வுக்கு அனுப்புதல் உண்டு. அக்குழு அறிஞரையும் தொண்டரையும் அழைத்துக் கேட்டு அறிக்கை தரும். அதன் கூற்று அறிவுரையேயன்றி ஆணையன்று. இரண்டாம் வாசிப்பில் மசோதாவின் நோக்கத்தைப் பொதுவாக விவாதித்து, பின் ஒவ்வொரு பிரிவாக ஆராய்ந்து திருத்துவர். மூன்றாம் வாசிப்பில் முழுமையும் ஏற்பதா தள்ளுவதா என முடிவு செய்வர். மாநிலங்களவையிலும் இவ்வாறே நிகழும். இரண்டும் இசைந்தபின் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தருவர். அவர் ஒருமுறை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பலாம். அவைகள் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுத்தற்கில்லை.

இனிச் சிறார் சட்டத்தின் வரலாற்றை நோக்குவாம். பிழைசெய்த சிறுவரைப் பெரியோரொடு சிறையிலடைத்தால் அச்சிறையே குற்றம் பயிற்றும் பள்ளியாகும் என்று உணர்ந்து, இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சென்னை மாகாணம் 1920-ஆம் ஆண்டிற் குழந்தைகள் சட்டம் செய்தது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. நாடு முழுமைக்கும் பொதுவாக 1986-ல் எழுந்த சட்டம், ஆண்பிள்ளைக்கு 16, பெண்பிள்ளைக்கு 18 என எல்லை வகுத்தது. உலக நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992-ல் இந்தியா ஏற்றது. அதற்கிணங்க, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலார்க்கும் 18 என்றே விதித்தது.

2012 டிசம்பரில் டில்லி மாநகரில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டையே உலுக்கியது. குற்றவாளிகளுள் ஒருவன் 18 நிரம்பாதவன். அன்றைய சட்டப்படி அவனுக்கு மூன்றாண்டுச் சிறப்பு இல்லவாசமே விதிக்க இயன்றது. மக்கள் கொதித்தெழுந்தனர். 2014 ஆகஸ்டில் புதிய மசோதா மக்களவையிற் புகுந்தது. கொடுங்குற்றம் புரிந்தாருள் 16 முதல் 18 வயது வரையுள்ளோரைப் பெரியோராகக் கருதி விசாரிக்க அது வழிவகுத்தது. ஆராய்ந்த நிலைக்குழு, இவ்வாறு பிரித்தல் அரசியலமைப்புக்கும் உடன்படிக்கைக்கும் ஒவ்வாது என 2015 பிப்ரவரியில் அறிவுரை கூறியது. மக்களவை மே 7-ஆம் நாள் சில திருத்தங்களோடு மசோதாவை நிறைவேற்றிற்று. வயதைப் பற்றிய விதி நிலைத்தது. டிசம்பர் 20-ஆம் நாள் அவ்விளைஞன் விடுதலையானான். 22-ஆம் நாள் மாநிலங்களவையும் இசைந்தது. 2016 ஜனவரி 15 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் தொழிற்படும் முறையைக் காண்பாம். பிடிபட்ட சிறாரைக் காவல்நிலைய அறையிலேனும் சிறையிலேனும் அடைத்தல் கூடாது. 24 மணி நேரத்துள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தல் வேண்டும். நடுவர் ஒருவரும் சமூகத் தொண்டர் இருவரும் அக்குழுமத்தினர். தொண்டருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். விசாரணைக் காலத்திற் கூர்நோக்கு இல்லம். குற்றம் மெய்ப்படின் அறிவுரை, நன்னடத்தைக் கண்காணிப்பு, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறப்பு இல்லம் முதலியன உண்டு. சிறாரின் பெயரையும் அடையாளத்தையும் செய்தித்தாள் வெளியிடலாகாது.

குறைந்தது ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றமே கொடுங்குற்றம். அதனைப் 16 நிரம்பியோர் செய்தாராயின், அவரது உடல்வலியும் மனவலியும் விளைவறியும் ஆற்றலும் சூழ்நிலையும் எத்தகையன எனக் குழுமம் முதற்கண் மதிப்பிடும். வேண்டின் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். ஆண்டும் மரணதண்டனை இல்லை. விடுதலைக்கு வழியற்ற ஆயுள்தண்டனையும் இல்லை. குழுமத்தில் உளநூல் கற்றவர் இல்லாதவிடத்து, வல்லுநர் துணையைக் கட்டாயம் நாடுதல் வேண்டும் என 2022-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமியற்றுவோர் விட்ட இடைவெளியை நீதிமன்றம் நிரப்பும் முறைமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இச்சட்டத்தைப் பற்றி இருவேறு கருத்து உண்டு. மகளை இழந்த தாயின் கண்ணீர்க்கு முன் வயதுக்கணக்கு எவ்வளவு எளிதாகத் தோன்றும்! அக்கண்ணீரை அவமதிப்பார் யாரும் இலர். எனினும் நம் உள்ளத்தை உறுத்துவதொன்றுண்டு. வாக்களிக்க 18 நிரம்புதல் வேண்டும் என்று கூறும் நாடு, பெரியவனாகக் குற்றம் சுமக்கப் 16 போதும் என்கின்றது. உரிமைக்கு முதிராதவன் தண்டனைக்கு மட்டும் முதிர்ந்தவனாதல் எங்ஙனம்? குழுவின் அறிவுரை கேட்கப்பட்டது, கொள்ளப்படவில்லை. அதனைக் கொள்ளாமைக்கு நாம் குறைகூறத்தக்கவர் உறுப்பினர் மட்டுமல்லர். அவர் அஞ்சியது வாக்காளராகிய நம் குரலுக்கன்றோ?

ஆகவே, மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் அண்மையில்தான் வாக்குரிமை எய்தினோம். நம்மினும் ஓரிரண்டாண்டு இளையோர் அதனை எய்திலர். அவர் பொருட்டுப் பேசுதற்குப் பாராளுமன்றத்தில் அவர் தேர்ந்த உறுப்பினர் ஒருவரும் இலர். மசோதா ஒன்று வருங்கால் அதனை வாங்கிப் படித்தல், நிலைக்குழு கருத்துக் கேட்குங்கால் எழுதியனுப்புதல், வாக்குக் கேட்டு வருவோரிடம் சிறார் இல்லங்களின் நிலை யாதென வினவுதல் ஆகிய இவை நம்மால் இயல்வன. சோழன் அவையில் அமைச்சர் ஒரு சொல் எடுத்துரைத்தனர். வாக்கில்லார்க்காக அச்சொல்லை இன்று எடுத்துரைக்க வேண்டியவர் வாக்குடைய நாமே.