வாடகைக்கு வீடு பார்க்கப் போறீங்களா? டேப் எடுத்துட்டுப் போங்க!

உங்கள் வீட்டில் வீல்சேர் பயன்படுத்துபவர் இருக்கிறாரா? அப்படியென்றால், வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஹாலையும் கிச்சனையும் அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் பாத்ரூம் கதவை அளந்துவிடுங்கள்.

'ரெண்டரை அடி கதவு சார், தாராளமா போகும்' என்பார் புரோக்கர். நம்பிடாதீங்க. இரண்டரை அடி என்பது பெரும்பாலும் நிலையின் வெளி அளவு. இருபக்க நிலைக்கட்டையும் தலா இரண்டரை இன்ச் எடுத்துக்கொண்டால் மிச்சம் 25 இன்ச்தான். திறந்து நிற்கும் கதவின் தடிமனும் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். பெரியவர்களுக்கான சாதாரண வீல்சேரின் அகலமே சுமார் 25 இன்ச். சக்கரத்தைத் தள்ளும் விரல்களுக்கும் இடம் வேண்டாமா? மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை சொல்லும் திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று அடி.

'கதவைக் கழற்றிட்டு ஸ்கிரீன் போட்டுக்கோங்க' என்று சுலபமாக ஐடியா கொடுப்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது, ஸ்கிரீனுக்குப் பின்னால் அவர்கள் ஒருநாள் இருந்து பார்க்கட்டும்! கதவு கட்டாயம் வேண்டும். அதுவும் வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் நல்லது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்மேல் இடிக்காமல் திறக்க முடியாது.

அடுத்து, கம்மோடும் வீல்சேர் சீட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உயரம் ஒத்துவந்து, பக்கத்தில் வீல்சேரை நிறுத்த இடமும் இருந்தால், கைக்குப் பலம் உள்ளவர் யார் உதவியும் இல்லாமல் மாறி உட்கார்ந்துவிடுவார். பிடிமானக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்த வேண்டும். டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது.

வாசலில் படி இருக்கிறதா? ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. ஆறு இன்ச் படி ஒன்றுக்கு ஆறு அடி. மூன்று படி என்றால் 18 அடி. வாசலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். செங்குத்தாகப் பலகை போட்டுச் சமாளிப்பது ஆபத்து.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன்படி அரசின் வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில், 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவிகித இடஒதுக்கீடு உண்டு. விண்ணப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள். தனியார் வாடகை வீட்டில் எல்லாம் ஹவுஸ் ஓனரோடு பேசித்தான் ஆக வேண்டும். என்னென்ன மாற்றப் போகிறீர்கள், செலவு யாருடையது, காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தர வேண்டுமா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.